மெற்றில்டா கண்ட பூங்கா

மெற்றில்டாவைப் பிடிக்காதவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் அவள் என்றால் உயிர். செத்தவீட்டில் அவள் வந்துதான் ஒப்பாரியை நிறுத்திச் செபமாலையைத் தொடங்கவேண்டும். கலியாணவீட்டில் அவள் கை படாமல் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாது. கோயிலில் அவள் பாட்டெடுத்தால் பூசை வைக்கிற சுவாமியே தன் குரலைத் தணித்துக்கொள்வார். எனக்கும் குரல் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆள் பெரிய உருவம். கருவாட்டு வாடியில் பலகைக் கட்டையைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால் நீதவான் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கட்டாவோ பாரையோ, முதுகைக் கீறிக் குடலை எடுத்து உப்புத் தடவி எறிந்துகொண்டே இருப்பாள். வாயும் நிற்காது, கையும் நிற்காது. கடலுக்குப் போன புருசன் தொண்ணூற்றெட்டில் திரும்பி வரவில்லை. ஒற்றை மகள் சுகந்தினியை அந்தக் கத்தியை நம்பியே படிப்பித்து ஆசிரியை ஆக்கினாள். இரண்டாயிரத்து ஏழில் இராணுவம் எழும்பச் சொல்லி எங்கள் ஊர் முள்ளிக்குளத்தை விட்டு எல்லோரும் கிளம்பியபோது, மற்றவர்கள் சட்டிபானையைத் தூக்க, இவள் மாதா சுரூபத்துக்குச் சாத்துகிற பட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாளாம். எல்லாம் நல்ல குணங்கள்தான். நல்லவள் மேல் பொறாமைப்படுவதில் உள்ள கஷ்டம் அதுதான். கெட்டவளாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆறலாம்.

என் எரிச்சலுக்கு வயது முப்பதுக்கு மேல். எண்பத்திரண்டாம் ஆண்டு, எங்களுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. மன்னாரிலிருந்து சுவாமி வந்து ஞானோபதேசப் பரீட்சை வைத்தார். ஒவ்வொரு ஊரிலும் முதலாவதாக வருகிற பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பெரிய பூங்காவும் பழைய ராசாக்களின் பொருட்கள் வைத்த நூதனசாலையும் காட்டுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எழுத்தில் நானும் மெற்றில்டாவும் சமமாக வந்துவிட்டோம். சுவாமி இருவரையும் எழுப்பி நிறுத்தினார். தலையான பாவங்கள் ஏழையும் சொல்லு என்று முதலில் என்னைத்தான் கேட்டார். அகங்காரம், கோபம், மோகம், லோபித்தனம், போசனப்பிரியம், சோம்பல் என்று கடகடவென்று ஆறைச் சொல்லிவிட்டேன். ஏழாவது வரவில்லை. கூரையைப் பார்த்தேன், நிலத்தைப் பார்த்தேன். மெற்றில்டா பூப்போல வாயைத் திறந்து "காய்மகாரம்" என்றாள்.

அன்றைக்கு மறந்த பொறாமை என்கிற அந்தப் பாவத்தை அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

அவள் போனாள். திரும்பி வருகிற அன்று, தண்ணீருக்குப் போவதாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் சந்தியில் போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் முகம் வெளிறிப்போய்த்தான் இருந்தது. என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். அங்கேயே, அந்த வெயிலிலேயே, சொல்லத் தொடங்கிவிட்டாள்.

கொழும்புப் பூங்காவின் நடுவில் நாலு பாதை வந்து சந்திக்கிற ஒரு வட்டம். அந்த வட்டத்தில் வெள்ளைக் குதிரையில் புனிதர் சந்தியோகுமையார். வாளை ஓங்கிய கை வெயிலில் தங்கமாய் மின்னும். சுற்றிவரப் பன்னிரண்டு சுரூபங்கள். ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஒரு மரம், மரம் முழுக்க ஊதாப்பூ. அந்தப் பூ சுரூபத்தின் தலையில்தான் விழும், நிலத்தில் விழாது. அவள் சந்தியோகுமையாரின் காலைத் தொட்டு முத்தி, ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். நூதனசாலையில் ராசாவின் சிங்காசனத்தில் ஒரு நிமிடம் உட்காரக் காவலாளி விட்டான்.

ஒரு சுற்றுலாவுக்குப் போய்வந்த பிள்ளை சொல்கிற கதை எத்தனை நாளைக்கு ஓடும்? இவளுடைய கதை வருசத்துக்கு வருசம் வளர்ந்தது. மாதாத் திருநாளுக்கு விருந்தாட்கள் வந்தால் "மெற்றில்டா, அந்தப் பூங்காவைச் சொல்லு" என்பார்கள். மறுத்துச் சொல்ல ஆளில்லை. எங்கள் ஊரிலிருந்து அந்தப் பயணத்தில் போனது அவள் மட்டும். பிறகு கொழும்புக்குப் போன எங்கள் சனம் கந்தோருக்கும் ஆசுபத்திரிக்கும் போய், பொலிஸுக்குப் பயந்து லொட்ஜ் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டு வந்த சனம். பூங்கா பார்க்க யார் போனார்கள்? நானும் ஒவ்வொரு தடவையும் ஓரமாய் நின்று கேட்டேன். எழும்பிப் போக ஒரு நாளும் என் காலுக்கு மனம் வந்ததில்லை.

தொண்ணூறில் நானும் என் புருசன் நீக்கிலாசும் படகேறி இராமேசுவரம் போனோம். மண்டபம் முகாமில் இருபத்தொரு வருசம். பக்கத்துக் குடிலில் தையல் மெசின் வந்தது என்றும் எதிர்க் குடிலில் புதுப்புடவை வந்தது என்றும் அங்கே பெண்கள் ஆளையாள் பார்த்துப் புகைந்தார்கள். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. நான் கடலுக்கு அப்பால் இருந்த ஒருத்தியைப் பார்த்துப் புகைந்துகொண்டிருந்தேன். என் மகள் டிலானி சோறு தின்ன மறுத்தால் வெள்ளைக் குதிரையையும் ஊதாப்பூவையும் சொல்லித்தான் ஊட்டினேன். "நீ பாத்தனீயோ அம்மா?" என்று கேட்பாள். "நான் எங்க பாத்தனான், அந்த மெற்றில்டா எல்லோ பாத்தவள்" என்று சொல்லும்போது கையிலிருக்கிற சோற்றுருண்டை நசுங்கிப்போகும்.

திரும்பி வந்தபோது ஊர் கடற்படையின் வேலிக்கு உள்ளே இருந்தது. நாங்கள் வேலிக்கு வெளியே, மலங்காட்டில், தகரக் கொட்டில்களில். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் உள்ளே போய் வரலாம். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். முதல் நாள் பவுசர் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரிய முதுகு நின்றது. திரும்பிப் பார்த்து, "எடி நிறஞ்சலா, மெலிஞ்சு போனியேடி" என்று கட்டிப்பிடித்தாள். அழுதுகொண்டே கட்டிப்பிடித்தாள். அழுகையிலும் அவள் என்னைவிட நன்றாக அழுதாள்.

பிறகு கருவாட்டுச் சங்கம் வந்தது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்களையும் சிலாவத்துறை முஸ்லிம் பெண்களையும் சேர்த்து ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கிய சங்கம். தலைவி கைருன்னிசா அக்கா. தொண்ணூறில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் இருபது வருசம் கிடந்து திரும்பி வந்தவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பொய்யும் பூசலும் அவரிடம் நடக்காது. இரண்டாயிரத்துப் பதினான்கில் கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு எங்கள் கருவாட்டுப் பொதிகளைக் கொண்டுபோகச் சொன்னார்கள். கண்காட்சி முடிந்த மறுநாள் காலை ஊர் பார்க்கலாம், எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் மெற்றில்டாவைப் பார்த்தார்கள்.

"பூங்காவுக்குத்தான்" என்றாள் செலீனா. செலீனா எங்களில் இளையவள், மூன்று பிள்ளைக்காரி, தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டிருப்பவள். "சந்தியோகுமையாரிட்ட ஒரு நேர்த்தி வைப்பம் அக்கா. எங்கட மாதாவும் எங்களைப் போலத்தானே, நாங்கள் வேலிக்கு வெளிய, அவ வேலிக்கு உள்ள. அவவிட்டக் கேட்டுக் கேட்டு நான் களைச்சுப் போனன். உவர் பெரிய ஆக்களுக்குப் பக்கத்தில இருக்கிறவர். காணியை விடச் சொல்லி உவர் ஒரு சொல்லுச் சொன்னாக் கேப்பினம்."

இந்த நியாயம் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. எனக்கும்தான். வீட்டுக்கொரு மெழுகுதிரி என்று முடிவாயிற்று. வரமுடியாதவர்களும் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஓலைக் கடகம் நிறைய மெழுகுதிரி சேர்ந்தது. கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு மெற்றில்டா பஸ்ஸின் முன் கதிரையில் ஏறினாள். வழியெல்லாம் கதை சொல்வாள் என்று பார்த்தேன். மறிச்சுக்கட்டி கழிந்து காட்டுப் பாதையில் பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனபோது அவள் வாயே திறக்கவில்லை. தலைச்சுற்றாக்கும் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

அந்தக் காலையை நான் எவ்வளவு எதிர்பார்த்திருந்தேன் தெரியுமா? இன்றோடு அவளுடைய தனிச்சொத்து முடிந்தது. இனி நானும் பார்த்தவள். இனித் திருநாளுக்கு ஆட்கள் கூடினால் நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு "அந்தப் பூங்காவில..." என்று தொடங்கலாம்.

பஸ் எங்களை நூதனசாலை வாசலில் இறக்கியது. வெள்ளை வெளேரென்ற மாளிகை. முன்னால் விழுதுவிட்ட பெரிய ஆலமரங்கள். புல்லுக்கு ஒரு குழாய் சுழன்று சுழன்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். "புல்லைக் குளிப்பாட்டுறாங்களடி" என்றாள் செலீனா. பவுசர் பிந்திய நாட்களில் பிள்ளையின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்.

மாளிகைக்கு முன்னால் ஒரு பீடத்தில் நெடிய ஓர் ஆளின் சிலை நின்றது. கறுத்துப்போன உலோகம். மெற்றில்டா கடகத்தை இறக்கினாள். செருப்பைக் கழற்றினாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நேரே போய், எக்கி, பீடத்தின் விளிம்பைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்தினாள். பின்னால் வந்த எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். நானும் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"என்ன செய்யுறீங்க?" என்றார் கைருன்னிசா அக்கா. "அது வெள்ளைக்காரத் துரையெல்லோ. அந்தக் காலத்துக் கவர்னர்."

மெற்றில்டா திரும்பினாள். ஒரு கணம்தான். அவள் கண்ணில் ஒரு பயம் வந்து போனது. முப்பது வருசமாக அந்த முகத்தையே நினைத்து நினைத்து எரிந்தவள் நான். அவள் முகத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு ஈ உட்கார முடியாது. இவள் இந்த இடத்துக்கு இதற்கு முன் வந்ததேயில்லை என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தக் கெட்டிக்காரியின் புளுகு முப்பத்திரண்டு வருசம் ஓடியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருசத்தில் அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்லை. பஸ்ஸில் திரும்பும்போது சொல்வதா, ஊருக்குப் போய்ப் பவுசர் வரிசையில் எல்லோருக்கும் முன்னால் சொல்வதா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. பவுசர் வரிசைதான் நல்லது. அங்கே கூட்டம் அதிகம்.

நூதனசாலைக்குள் போனோம். நான் எதையும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். ராசாவின் சிங்காசனம் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. "இதிலதானே இருந்தனீங்கள் அக்கா?" என்று செலீனா கேட்டாள். "ஓம், அப்ப கண்ணாடி இல்ல" என்று மெற்றில்டா மெல்லச் சொன்னாள். செலீனா கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். "கல்லுக்கும் கதிரைக்கும் விசிறி பூட்டி விட்டிருக்கினம், என்ன?" என்றாள். அவளுக்குச் சிங்காசனம் மேல் பொறாமை. ஆளுக்கொரு பொறாமை.

தெருவைக் கடந்தால் விகாரமகாதேவிப் பூங்கா. பெரிய மரங்கள், நீர் பாய்ச்சும் தடாகம், அந்தப் பக்கம் குவிமாடம் வைத்த வெள்ளை மாநகரசபை, அதைப் பார்த்தபடி பொன்னிறத்தில் ஒரு பெரிய புத்தர். மரத்துக்கு மரம் குடையை விரித்து மறைத்துக்கொண்டு சோடி சோடியாய் இருந்தார்கள். காகங்கள். வெயில். மெற்றில்டா கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு பாதையால் போனோம், இன்னொரு பாதையால் வந்தோம். அதே தடாகத்துக்கு மறுபடியும் வந்துசேர்ந்தோம். சனத்துக்குக் கால் வலித்தது. ஒரு மர நிழலில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நான் போய்ப் பாத்துக்கொண்டு வாறன்" என்று அவள் தனியே நடந்தாள். விடுவேனா? பின்னாலேயே போனேன். கழிப்பறைச் சுவரோரம் அவள் நின்றிருந்தாள். வியர்த்துக் கொட்டியது.

"எங்கயடி உன்ர சந்தியோகுமையார்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

"நான் வரேல்லையடி" என்றாள். "பாதி வழியில, சிலாபத்தோட நிண்டிட்டன். பஸ்ஸிலயே பெரியபிள்ளையாயிட்டன். சிஸ்டர் என்னைச் சிலாபத்து மடத்தில விட்டிட்டு மற்றப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போயிட்டா. ஒரு அறை, ஒரு யன்னல். யன்னலுக்கால ஒரு மதில்தான் தெரிஞ்சது. திரும்பி வரேக்க அதுகள் எல்லாம் பூங்கா, சிலை, குதிரை, பூ எண்டு ஒரே கத்தல். நான் கேட்டுக்கொண்டு வந்தனான். சிலை எண்டா எனக்குக் கோயில் சுரூபம்தானே தெரியும்."

"பொறு, பொறு. உனக்கு அடுத்த மாசமெல்லோ சாமத்தியச் சடங்கு நடந்தது? சிவப்புச் சேலை கட்டி இருத்தினவை. நான் வந்து பாத்து வயிறெரிஞ்சனானே!"

"அது ரெண்டாம் முறை."

"உன்ர சாமத்தியமும் பொய்யோடி?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த நேரத்தில் சிரித்தால் என் கோபம் என்னாவது?

"வீட்டில சொல்லச் சொல்லிச் சிஸ்டர் என்னட்டத்தான் விட்டவ. சொல்லியிருந்தா நான் கொழும்பு பாக்கேல்ல எண்டது தெரிஞ்சு போயிருக்கும்" என்றாள். "உண்மையைச் சொல்லுவம் எண்டுதான் பஸ்ஸால இறங்கினனான். நீ குடத்தோட நிண்டாய். உன்ர மூஞ்சையைப் பாத்தன். பாக்கேல்லையெண்டு சொல்லியிருந்தா நீ சிரிச்சே செத்திருப்பாய். அதுதான் சொன்னன். சொல்லச் சொல்ல உன்ர முகம் கறுத்துது. உன்ர முகம் கறுக்கக் கறுக்க எனக்கு இன்னும் வந்துது. ஊதாப்பூ நிலத்தில விழாது எண்டது உனக்காகச் சொன்னதடி."

நான் சுவரில் சாய்ந்தேன். அந்தப் பூவை வைத்துத்தானே டிலானிக்குச் சோறூட்டினேன்.

"இப்ப என்னண்டு அதுகளிட்டப் போய்ச் சொல்லுறது?" அவள் கடகத்தைக் காட்டினாள். "எல்லாற்ற வீட்டு மெழுகுதிரியும் கிடக்கு. செலீனா நடக்கும் நடக்கும் எண்டு இருக்கிறாள். இனி நான் கோயிலில வாய் திறந்து பாடேலுமோ?"

பாடமுடியாது. அதுதான் எனக்கும் வேண்டியது. முப்பத்திரண்டு வருசமாக வேண்டியது. ஒரு சொல் போதும். பவுசர் வரிசை வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது கைருன்னிசா அக்கா எழும்பி நின்றார். குதிரையில் சந்தியோகுமையாரைத் தேடுகிறோம் என்று அவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"மெழுகுதிரி எல்லாம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கெண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார். "இஞ்ச குதிரையில ஆரும் இல்லையே. என்ர மகன்ட வருத்தத்துக்கு ஆசுபத்திரிக்கு வந்து வந்து போன காலத்தில இந்தப் பூங்காவிலதான் நான் பொழுது முட்டக் குந்தியிருந்த. ஒரு மூலை விடாமத் தெரியும். மெற்றில்டா தங்கச்சி, நீங்க மெய்யா இஞ்ச வந்தீங்களா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். செலீனா வாயைத் திறந்தபடி பார்த்தாள். மெற்றில்டாவின் பெரிய உடம்பு அப்படியே சின்னதாகிக்கொண்டு வந்தது. அவள் சொல்லத்தான் போகிறாள் என்று தெரிந்தது. உதடு பிரிந்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்று அப்போது தெரியவில்லை. இல்லாத ஒரு குதிரைக்காகவா நான் முகாமில் படுத்துக்கொண்டு எரிந்தேன்? மதில் தெரிகிற ஒரு யன்னலுக்காகவா என் வாழ்நாளில் பாதி புகைந்தது? அப்படியென்றால் என்னைவிடப் பைத்தியக்காரி யார்?

"இருந்தது!" என்றேன். கத்திவிட்டேன். குடைக்குப் பின்னாலிருந்த ஒரு சோடி எட்டிப் பார்த்தது.

"நீங்க பாத்தீங்களா?" என்றார் அக்கா.

"நான் பாக்கேல்ல. பாக்கேல்லையெண்டுதானே முப்பத்திரண்டு வருசமா வயிறெரியுறன். ஊருக்கே தெரியும், எனக்கு உவளைக் கண்ணில காட்டேலாது. இல்லாத ஒண்டுக்கு ஆராவது முப்பத்திரண்டு வருசம் வயிறெரிவினமோ?"

சனம் தலையாட்டியது. மெற்றில்டாவுக்காக நான் பொய் சொல்வேன் என்று யாருக்கும் கனவிலும் தோன்றாது.

"அப்ப இப்ப எங்க அது?" என்றார் அக்கா. குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

"எடுத்துப்போட்டாங்கள். முள்ளிக்குளம் இருந்தது. வீடு இருந்தது, கிணறு இருந்தது. இப்ப எங்க? சிலாவத்துறையில உங்கட வீடு இருந்ததுதானே அக்கா? திரும்பி வரேக்க என்ன இருந்தது? ஒரு ஊரே இல்லாமப் போகேக்க ஒரு குதிரை இல்லாமப் போறதோ அதிசயம்?"

கைருன்னிசா அக்கா தலையில் போட்டிருந்த தட்டத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய வீட்டில் திரும்பி வந்தபோது அத்திவாரத்துக்குள் விளாத்தி மரம் முளைத்து நின்றது என்று அவரே ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

"எந்த இடத்தில நிண்டது அக்கா?" என்று செலீனா கேட்டாள். என்னைத்தான் கேட்டாள்.

அது எனக்கு மனப்பாடம். அவளைவிட எனக்குத்தான் மனப்பாடம். "நாலு பாதை சந்திக்கிற வட்டம்" என்று சொல்லி நடந்தேன். அப்படி ஒரு வட்டம் இருக்கவேண்டுமே என்று கண்ணால் தேடிக்கொண்டே போனேன். தடாகத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று இருந்தது. நாலா, ஐந்தா என்று யாரும் எண்ணவில்லை. நடுவில் புல். "இதிலதான்" என்றேன்.

பெண்கள் செருப்பைக் கழற்றினார்கள். கடகம் இறங்கியது. வெறும் புல்லின் ஓரத்தில், மண்ணில் குத்திக் குத்தி, வீட்டுக்கொரு மெழுகுதிரி. வரமுடியாதவர்களுக்கு மெற்றில்டா பெயர் சொல்லிச் சொல்லிக் கொளுத்தினாள். செலீனா முழங்காலில் நின்று காணியைக் கேட்டாள், சத்தமாகவே கேட்டாள். நானும் காணியைத்தான் கேட்க வந்தேன். கேட்கப்போனால், மெற்றில்டாவுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைச் சாகிறதுக்குள் நான் பார்த்துவிடவேண்டும் என்பதுதான் முதலில் வாயில் வந்தது. பிறகுதான் காணி.

விசில் சத்தம் கேட்டது. பூங்காக் காவலாளி ஓடி வந்தான். "மொக்கத மே?" இதென்ன என்று சிங்களத்தில் அதட்டினான். எங்கள் கை பைக்குள் அடையாள அட்டையைத் தேடியது. சீருடையும் சிங்களமும் சேர்ந்து வந்தால் எங்கள் சனத்துக்கு இன்னும் அதுதான் பழக்கம். கைருன்னிசா அக்கா முன்னுக்குப் போனார். அவனைப் புறம்பாகக் கூட்டிப்போய் மெல்லக் கதைத்தார். அவன் எங்களைப் பார்த்தான், மெழுகுதிரிகளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். முடிந்ததும் மெழுகைத் துப்புரவாக்கிவிட்டுப் போகச் சொன்னான். பிறகு அங்கேயே கொஞ்சத் தூரத்தில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னக்கா சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"இவங்கட ஆள் ஒருத்தர் இந்த இடத்தில இருந்தவர், இப்ப இல்லை எண்டன்" என்றார். "பொய்யில்லையே, என்ன?" என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அவர் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

மெழுகைச் சுரண்டி எடுத்துக் கடகத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். மெற்றில்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புத்தளத்துக்குக் கிட்ட என் கையைப் பிடித்தாள். நான் விடுவித்துக்கொண்டேன். நன்றி சொல்ல வந்துவிட்டாளாம். அவளுக்காகவா செய்தேன்?

காட்டுப் பாதைக்கு வந்தபோது செலீனா பின் கதிரையிலிருந்து எழும்பி வந்தாள். "மெற்றில்டாக்கா, அந்தக் குதிரையில அவர் எப்பிடி இருந்தவர் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. இடத்தைப் பாத்திட்டம், ஆளைப் பாக்கேல்லையே."

மெற்றில்டா என்னைப் பார்த்தாள். நான் யன்னலால் காட்டைப் பார்த்தேன்.

அவள் தொடங்கினாள். முதலில் மெல்லத்தான் தொடங்கினாள். வெள்ளைக் குதிரை வந்தது. வாள் வந்தது, வெயிலில் மின்னியது. பன்னிரண்டு சுரூபங்களும் வந்து அவரவர் மரத்தடியில் நின்றன. கைருன்னிசா அக்காவும் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தப் பூங்காவை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்தவள். நான் பார்த்த பூங்காவில் காகம் இருந்தது, தூசி இருந்தது, கழிப்பறை நாற்றம் இருந்தது, புல்லில் ஒரு வெறும் வட்டம் இருந்தது. ஒரு தடவைகூடப் பார்க்காதவளின் பூங்காவுக்குள் இவ்வளவு பேரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான் போய் உட்கார்ந்திருந்தேன்.

"மெய்யாவே பூ நிலத்தில விழாதோ அக்கா?" என்று செலீனா கேட்டாள்.

"என்னை ஏன் கேக்கிறாய்? உவளிட்டக் கேள். உவள் பொய் சொல்லமாட்டாள்" என்றாள் மெற்றில்டா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"விழாது" என்றேன். வயிறு பற்றி எரிந்தது.